திமிரி பக்கம் பாரதக் கூத்துக்கு லைட் போட்டது: ஒரு ஃபேடருக்கு ஒரே வேலை

இந்த வருஷம் சித்திரையில் திமிரி தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் வைத்தார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்குமேல் கூத்து, விடிய விடிய, பத்து ராத்திரி. மேடை லைட் வேலை எங்களிடம் வந்தது. வேலூரிலும் காட்பாடியிலும் ஆர்க்கெஸ்ட்ரா, வரவேற்பு என்று நிறையப் போட்டிருக்கிறேன், அங்கே பாட்டுக்கு ஏற்றமாதிரி கலர் ஓடினால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கூத்து அப்படி இல்லை. ஆள் முகத்தைப் பார்க்கத்தான் ஊரே பாயோடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

கையில் இருந்த சாமான் எல்லாம் கலப்படம். 230 வாட் ஷார்ப்பி நாலு (தலை திரும்பும் பீம் லைட், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எங்கள் பக்கம் ஷார்ப்பி என்றுதான் சொல்வோம்), புதிய எல்இடி பார் (PAR என்கிற கலர் லைட்) நாலு, அவை எட்டு சேனல், அதாவது கன்சோலிலிருந்து தனித்தனியாகக் கட்டளை வாங்கும் எட்டு வழி. பழைய எல்இடி பார் இரண்டு, அவை நாலே சேனல். ஆயிரம் வாட் ஹாலஜன் பார் கேன் நாலு, அதன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நாலு சேனல் டிம்மர் பேக் ஒன்று. இவ்வளவையும் ஓட்ட ஒரு சின்ன 192 சேனல் கன்சோல். லைட்டைத் தேர்ந்தெடுக்கப் பன்னிரண்டு ஃபிக்சர் பட்டன், ஒவ்வொன்றுக்கும் 16 சேனல். ஃபேடர், அதாவது மேலும் கீழும் தள்ளும் குமிழ், எட்டுதான் இருக்கும், பேஜ் ஏ-வில் 1 முதல் 8 வரை, பேஜ் பி-யில் அதே ஃபேடர்கள் 9 முதல் 16 ஆகிவிடும். முப்பது பேங்க், பேங்குக்கு எட்டு சீன் (பதிந்து வைக்கும் லைட் அமைப்பு). பெரிய கன்சோல் வாடகைக்குக் கிடைக்கும்தான், ஆனால் பத்து நாள் வாடகை கோயில் கொடுக்கிற காசில் பாதியைத் தின்றுவிடும்.

கலப்பு லைட்டில் என்ன கஷ்டம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிஎம்எக்ஸ் 512 என்பது கன்சோலிலிருந்து லைட்டுக்குக் கட்டளை அனுப்ப 1986-இல் வந்த முறை. ஒரு கம்பியில் 512 சேனல், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண், அவ்வளவுதான். எந்தச் சேனல் என்ன செய்யும் என்பதை லைட் செய்தவர்கள் முடிவு செய்கிறார்கள். என் ஷார்ப்பியில் முதல் சேனல் கலர் சக்கரம், இரண்டாவது ஷட்டர், மூன்றாவதுதான் டிம்மர், 10-இல் பேன் (தலை பக்கவாட்டில் திரும்ப), 12-இல் டில்ட் (மேலும் கீழும் சாய). புதிய பாரில் முதல் சேனலே டிம்மர், அதற்கப்புறம் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஸ்ட்ரோப் (வெட்டி வெட்டி மினுக்க). பழைய பாரில் டிம்மரே கிடையாது, எடுத்த எடுப்பில் சிவப்பு. இதையெல்லாம் 1, 17, 33 என்று வழக்கமான அட்ரஸில் (லைட்டின் முதல் சேனல் எண்) வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து முதல் ஃபேடரைத் தூக்கினால் ஷார்ப்பி கலர் மாறும், புதிய பார் பிரகாசமாகும், பழைய பார் சிவப்பாகும், ஹாலஜனில் ஒன்று மட்டும் எரியும். ஒரு கையசைவுக்கு நாலு விதமான பதில். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு ஓட்டுகிறவனுக்கு இது ஆகாது.

அதனால் அட்ரஸை நகர்த்தினேன். ஷார்ப்பி நாலும் 1, 17, 33, 49 என்று அப்படியே இருக்கட்டும். புதிய பார்களுக்கு 65 என்று கொடுக்காமல் 67 கொடுத்தேன். இரண்டு தள்ளி வைத்ததால் பாருடைய டிம்மர் இப்போது மூன்றாவது ஃபேடரில் வருகிறது, ஷார்ப்பி டிம்மரும் அங்கேதான். மற்ற மூன்றும் 83, 99, 115. சிவப்பு 4, பச்சை 5, நீலம் 6, வெள்ளை 7, ஸ்ட்ரோப் 8, எல்லாம் பேஜ் ஏ-வுக்குள் அடங்கிவிட்டது. பழைய பாரில் டிம்மர் இல்லாததால் மூன்று தள்ளி, 129-க்குப் பதில் 132, 145-க்குப் பதில் 148. அப்படி வைத்தால் அதன் சிவப்பும் நாலாவது ஃபேடரில், பச்சை ஐந்தில், நீலம் ஆறில், வெள்ளை ஏழில். டிம்மர் பேக்குக்கு 163, ஹாலஜன் நாலும் 3, 4, 5, 6 ஃபேடர்களில். பன்னிரண்டாவது பட்டனைக் காலியாக விட்டேன், ஏதாவது ஒரு லைட் நடுவில் படுத்தால் மாற்று வைக்க.

இப்போது 5 முதல் 10 வரை ஃபிக்சர் பட்டன்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நாலாவது ஃபேடரைத் தூக்கினால் ஆறு பாரும் ஒன்றாகச் சிவக்கும். 1 முதல் 8 வரை தேர்ந்தெடுத்து மூன்றாவதை இறக்கினால் ஷார்ப்பியும் பாரும் சேர்ந்து மங்கும். 16 சேனல் இடத்தில் எட்டோ நாலோதான் நிரம்புகிறது, மிச்சம் வீணாகிறதே என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். வீணாகட்டும், இடம் இருக்கிறது, கை தடுமாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

இந்த வேலை முழுக்க வீட்டு மொட்டை மாடியில் நடந்தது, அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. வேலூர் கத்திரி வெயிலில் பகலில் மாடியில் கால் வைக்க முடியாது, கலரும் தெரியாது. எல்லா லைட்டையும் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி அட்ரஸ் எழுதினோம். பழைய பாருக்குச் சின்ன டிப் சுவிட்ச் பத்து. முதல் சுவிட்ச் 1, அடுத்தது 2, 4, 8, 16, 32, 64, 128, 256 என்று இரட்டிப்பாகப் போகும், பத்தாவது டிஎம்எக்ஸ் வேலை செய்ய. 132 என்றால் 128-ம் 4-ம், அதாவது எட்டாவது சுவிட்சும் மூன்றாவதும். 148 என்றால் அதோடு ஐந்தாவதும்.

இதில்தான் ஒரு மணி நேரம் போனது. 132 போட்ட பார் எரியவே இல்லை. கேபிளை மாற்றினேன், கரண்டைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, உள்ளே போர்டு போய்விட்டது என்றே முடிவு செய்து ஓரமாக வைக்கப் போனேன். அந்த நேரம் ஷார்ப்பிக்கு லேம்ப் பற்ற வைக்க வேண்டி பேஜ் பி-க்குப் போய், பட்டன்களில் கையை ஓட்டி 1 முதல் 8 வரை தேர்ந்தெடுத்து, கடைசி ஃபேடரை மேலே தூக்கினேன். ஷார்ப்பியில் 16-வது சேனல் லேம்ப். ஷார்ப்பி பற்றிக்கொண்டது, கூடவே செத்துக் கிடந்த பழைய பார் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. எட்டாவது ஃபிக்சரின் 16-வது சேனல் என்றால் 113 கூட்டல் 15, அதாவது 128. பார் தன்னை 132 என்று நினைக்கவில்லை, 128 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் குறைகிற 4 எங்கே? மூன்றாவது சுவிட்ச். கழற்றிப் பார்த்தால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து உள்ளே அடைத்திருந்தது. கான்டாக்ட் ஸ்ப்ரே அடித்து, பல் குத்தும் குச்சியால் அந்தச் சுவிட்சை இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினேன், சரியாகிவிட்டது. ஒரு லைட் எரியவில்லை என்றால் அது வேறு எந்தச் சேனலிலாவது எரிகிறதா என்று முதலில் பாருங்கள், எந்தச் சுவிட்ச் என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. வரிசையில் கடைசியாக இருந்தது டிம்மர் பேக், அதில் ஹாலஜன் அவ்வப்போது படபடத்தது. பேக்கின் டிஎம்எக்ஸ் அவுட்டில், சிக்னல் முட்டித் திரும்பாமல் தடுக்கும் டெர்மினேட்டர் இல்லை. 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை எக்ஸ்எல்ஆர் ஆண் கனெக்டரில் இரண்டாவது பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவில் வைத்து சால்டர் செய்தால் வேலை முடிந்தது. வேலூர் லாங்கு பஜார் பக்கம் போனபோது பத்து ரெசிஸ்டராக வாங்கி வந்துவிட்டேன், சில்லறைக் காசுதான். மைக் கேபிளை டிஎம்எக்ஸுக்குப் போடும் பழக்கத்தையும் இந்த முறையோடு விட்டேன். பக்கத்துப் பக்கத்து லைட்டுக்கு ஓடிவிடும், மேடைக்கும் கன்சோலுக்கும் நாற்பது மீட்டர் இருக்கும்போது நம்பக் கூடாது.

சரி, சீன் பதிவுக்கு வருவோம். புரோகிராம் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கும், லைட்டை வேண்டியபடி வைத்து ரெக்கார்டை அழுத்தி சீன் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவு சுலபம். ஆனால் இந்த மாதிரி கன்சோலில் ஒரு சீன் என்பது அந்த நேரத்தில் 192 சேனலும் எப்படி இருக்கிறதோ அதன் மொத்தப் படம். கலரை மட்டும் தனியாக, தலை திரும்பிய இடத்தை மட்டும் தனியாகப் பதிய முடியாது. சீனை மாற்றினால் எல்லாமே மாறும். ஆகவே ஷார்ப்பி எங்கே பார்க்க வேண்டும் என்பதை முதலில் முடித்துவிட்டு, அந்த ஒரு பேங்கை அடிப்படையாக வைத்து, அதை மற்ற பேங்குகளுக்கு காப்பி செய்து, ஒவ்வொன்றிலும் பார் கலரை மட்டும் மாற்றிப் பதிந்தேன். அடிப்படையைச் சரியாகப் போடாமல் காப்பி செய்தால் ஒரு தப்பு முப்பது தப்பாகிவிடும், அதனால் அந்த ஒரு பேங்குக்கு மட்டும் ஒரு முழு ராத்திரி கொடுத்தேன்.

அந்த ராத்திரி ஒன்று நடந்தது. பார்களுக்கு வெள்ளை கொஞ்சம் கூட்டலாம் என்று ஏழாவது ஃபேடரைத் தூக்கினேன். நாலு ஷார்ப்பியும் ஒரே நேரத்தில் தலையைச் சுழற்றி மேலும் கீழும் ஆட ஆரம்பித்தன. பேஜ் பி-யில் இருக்கிறேன், எல்லா ஃபிக்சரும் தேர்வில் இருக்கிறது, ஏழாவது ஃபேடர் அங்கே 15-வது சேனல், ஷார்ப்பிக்கு அது ரீசெட். மோசம் என்னவென்றால் நான் அதைக் கவனிப்பதற்குள் இரண்டு சீன் பதிந்திருந்தேன். அந்தச் சீன்களைக் கூப்பிடும்போதெல்லாம் தலை சுற்றும். அதற்கப்புறம் ஒரு பழக்கம்: பேஜ் பி-யில் பேன், டில்ட் வேலை முடிந்ததும் கடைசி இரண்டு ஃபேடரையும் அடி வரை இறக்கிவிட்டுத்தான் ரெக்கார்டில் கை வைப்பேன். அந்த இரண்டு ஃபேடர் தலையிலும் பேஜ் ஏ-வுக்கு வெள்ளைப் புள்ளி, பேஜ் பி-க்கு சிவப்புப் புள்ளி என்று நகப்பூச்சால் வைத்தேன்.

இன்னொரு விஷயம். இந்த ஃபேடர்கள் தானாக நகராது. சீனைக் கூப்பிட்டால் லைட்டின் எண் மாறும், ஃபேடர் பழைய இடத்திலேயே நிற்கும். அதைத் தொட்டதும், ஃபேடர் இருக்கும் இடத்துக்கு லைட் குதிக்கும். ஹாலஜன் 200-இல் எரியும்போது அடியில் கிடக்கும் ஃபேடரை லேசாகத் தொட்டால் நடிகர் முகம் இருண்டுவிடும். முக்கியமான நாலு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்து, ஃபேடரை முன்கூட்டியே அந்த உயரத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஃபிக்சர் பட்டனை அழுத்துவேன்.

கூத்துக்கு நேரக் கணக்கு கிடையாது. ஒரு விருத்தம் ஐந்து நிமிடமும் போகும், கூட்டம் ரசித்தால் அரை மணியும் போகும். ஆகவே சீன்களை வரிசையாக அடுக்கித் தானாக ஓடவிடும் சேஸ் போடுவது இங்கே உதவாது. கூத்து வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தேன். வயசானவர், ஹார்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, மூஞ்சி தெரியணும். கிரீடத்துல கண்ணாடி மின்னணும். புகை மட்டும் போடாதபா, பாடறவனுக்குத் தொண்டை கட்டிக்கும்." அவர் சொன்ன மூன்றையும் காகிதத்தில் முதல் வரியாக எழுதினேன்.

பேங்குகளை வேஷத்தின் முகத்தை வைத்துப் பிரித்தேன். எட்டு சீன் பட்டனுக்கும் எல்லா பேங்கிலும் ஒரே அர்த்தம்: முதல் பட்டன் களரி கட்டும்போது (தொடக்க மேளம்), இரண்டு திரை, மூன்று திரை விலகி வேஷம் வெளிப்படுவது, நாலு பாட்டு, ஐந்து வசனம், ஆறு சண்டை, ஏழு கட்டியக்காரன் (கோமாளி), எட்டு மங்கலான வெளிச்சம். முழு இருட்டு எங்கேயும் வைக்கவில்லை, மேடை விளிம்பில் குழந்தைகள் தூங்குகிறார்கள், ஆடுகிறவர் கால் எங்கே படும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பேங்கை மாற்றினால் கலர் மாறும், விரலுக்கு மட்டும் எப்போதும் அதே வேலை. தம்பி இரண்டாவது ராத்திரியே தனியாக ஓட்டினான்.

கலரை வேஷத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடிந்தது. அந்த ஜமாவில் (கூத்துக் குழுவில்) துரியோதனனுக்குச் சிவப்பு முகம், கிருஷ்ணனுக்குப் பச்சை. முதல் ராத்திரி சிவப்பு முகத்துக்கு, கோபம் என்று நினைத்து, முன்னாலிருந்தே சிவப்பு பார் கொடுத்தேன். அரிதாரம் அப்படியே மறைந்துபோனது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புப் பூச்சும் வெள்ளைக் கோடும் ஒன்றாகவே தெரியும், புருவமும் மீசையும் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. அதே வெளிச்சத்தில் பச்சை முகம் வந்து நின்றபோது கரி பூசியதுபோல இருந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து போட்ட முகத்தை நான் ஒரு ஃபேடரில் அழித்துவிட்டேன். மறுநாளே மாற்றினேன். முன்பக்க வெளிச்சம் எப்போதும் ஹாலஜன்தான், கலர் தாள் போடாமல். எல்இடி வெள்ளை நீலம் பாய்ந்தது, மஞ்சள் கலந்த பூச்சையெல்லாம் வெளிறடிக்கும், ஹாலஜனில் அந்த மஞ்சளும் சிவப்பும் தோல் மாதிரியே நிற்கிறது. கலர் எல்லாம் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும். சிவப்பு முகத்துக்குப் பின்னால் நீலப்பச்சை, பச்சை முகத்துக்குப் பின்னால் ஆரஞ்சு, அப்போது முகம் பின்னணியிலிருந்து பிரிந்து முன்னால் வருகிறது. புதிய பாரையும் பழைய பாரையும் ஒரே எண்ணில் வைத்தால் ஒரே நிறம் வராது, பழையதன் சிவப்பு சோர்ந்திருக்கிறது, அதனால் பழையவை இரண்டையும் பின்பக்கத்துக்கே ஒதுக்கினேன், பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட யாருக்கும் வாய்ப்பில்லை.

திரைப் பிரவேசம்தான் எனக்குப் பிடித்த இடம். இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள், பின்னால் வேஷம் நின்று விருத்தம் பாடும், முகவீணை கூடவே இழையும், கால் சலங்கை மட்டும் துணிக்குக் கீழே தெரியும், கிரீடத்தின் உச்சி மேலே எட்டிப் பார்க்கும். துணி விலகும் நொடியில் ஷார்ப்பி அடிக்க வேண்டும். முதல் முறை இரண்டிலிருந்து மூன்றாவது பட்டனுக்குப் போனபோது நாலு ஒளிக்கற்றையும் கூட்டத்தின் தலைமேல் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது, கண்ணை உறுத்தியது. சரிசெய்தது எப்படி என்றால், இரண்டாவது சீனிலேயே ஷார்ப்பியின் டிம்மரை 0 ஆக்கி, பேனையும் டில்ட்டையும் மூன்றாவது சீனின் இடத்துக்கே திருப்பிப் பதிந்தேன். தலை இருட்டிலேயே திரும்பி முடித்துக் காத்திருக்கும், மூன்றாவது பட்டனில் வெளிச்சம் மட்டும் திறக்கும். முகத்துக்கு நேராக இல்லை, நெற்றிக்கு மேலே, பின்னாலிருந்து சரிவாக. மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் அந்த வெளிச்சத்தைத் துண்டு துண்டாக உடைத்து, உட்கார்ந்திருக்கிற ஜனங்களின் முகத்திலும் வேப்பமரத்து இலையிலும் தெளித்தது. அவர் சுழன்றபோது புள்ளிகளும் சுழன்றன. முன் வரிசையில் ஒரு பாட்டி கையை நீட்டி அந்தப் புள்ளியைத் தன் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். வாத்தியார் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார், அது போதும்.

நாலாவது ராத்திரி இரண்டரை மணிக்கு ஜென்செட் நின்றது. திரும்ப ஓடியதும் எல்இடியும் ஹாலஜனும் உடனே வந்துவிட்டன. ஷார்ப்பி வரவில்லை. டிஸ்சார்ஜ் லேம்ப் சூடாக இருக்கும்போது மறுபடி பற்றாது, ஆறும் வரை விட வேண்டும். முகத்துக்கான வெளிச்சத்தை ஷார்ப்பியை நம்பி வைத்திருந்தால் அந்த நேரம் முழுக்கக் கூத்து இருட்டில் நின்றிருக்கும்.

அர்ச்சுனன் தபசு அன்றைக்குத்தான் மனசு திக்கென்றிருந்தது. விடியற்காலை, களத்தில் நட்ட பனைமரத் தபசுக் கம்பத்தில் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். எல்லா ஷார்ப்பியையும் கம்பத்தில் திருப்பினால் பிரமாதமாக இருக்கும் என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னார். "அண்ணே, அவரு கீழ பார்த்து கால் வைக்கணும், கண்ணுல அடிச்சா என்ன ஆகும்?" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஹாலஜன் இரண்டைக் கழற்றி வந்து, அவர் முதுகுப் பக்கமாகத் தள்ளி நிறுத்தி, கம்பமும் படியும் தெரிகிற அளவுக்கு மட்டும் வைத்தோம். ஷார்ப்பி நாலுக்கும் ஒரு தனி பேங்கில் டிம்மர் 0, அந்த பேங்கை விட்டு அசையவில்லை. அவர் உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் கீழே வீசும்போது கிழக்கே வெளுத்துவிட்டது, ஐந்து நிமிடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஹாலஜனை இறக்கினேன், எப்போது அணைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

துரியோதனன் விழும் படுகளம் பகலில் என்பதால் எங்களுக்கு வேலை இல்லை. லேம்பை அணைத்து, விசிறி பத்து நிமிடம் ஓடி ஆறிய பிறகு கரண்டை எடுத்து, குட்டியானையில் ஏற்றினோம். முதுகில் ஒட்டிய அட்ரஸ் டேப்பைத் தம்பி கிழிக்கப் போனான், வேண்டாம் என்றேன். அடுத்த மாதம் ஆரணிப் பக்கம் இன்னொரு பாரதம் இருக்கிறது, அதே எண்கள்தான்.